நாலாயிரம் வாட்ஸ் பொய்

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் காதருகே வைத்துச் சுண்டிப் பார்க்கிறோம். பட்டுப்புடவை எடுத்தால் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் நிறம் பார்க்கிறோம். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வீட்டுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கும்போது மட்டும் என்ன செய்கிறோம்?

அட்டைப்பெட்டியின் மேல் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று படிக்கிறோம்!

காதால் பார்த்து வாங்க வேண்டிய ஒரே பொருள். அதைக் கண்ணால் வாங்கிக்கொண்டு வருகிற புத்திசாலிகள் நாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நான்தான்.

2003. வேலைக்குச் சேர்ந்து முதல் தீபாவளி போனஸ். மயிலாடுதுறையிலிருந்து அப்பா வந்து என்னோடு தங்கியிருந்தார். கூட்டுறவு பண்டகசாலையில் கணக்கு எழுதியே வயதானவர். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம், சனிக்கிழமை ராத்திரி ரேடியோவில் வரும் தேசிய இசை நிகழ்ச்சி. பழைய வால்வு ரேடியோ. சூடேறிப் பாட ஆரம்பிக்கவே ஒரு நிமிஷம் ஆகும். அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அவருக்கு நல்லதாக ஒரு ஸ்டீரியோ வாங்கித் தர வேண்டும் என்பது எனக்குக் காலேஜ் நாளிலிருந்தே இருந்த ஆசை.

கடைக்காரர் கேட்டார்: ''எத்தனை வாட்ஸ் பார்க்கறீங்க சார்? ரெண்டாயிரமா, நாலாயிரமா?''

எனக்கு என்ன தெரியும்? ரெண்டாயிரத்தைவிட நாலாயிரம் பெரிசு என்று தெரியும். கணக்கில் நான் வீக் இல்லை. ஒரு பெரிய பெட்டி, ஐந்து குட்டிப் பெட்டிகள், நீல விளக்கு, ரிமோட், மைக் இலவசம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். போட்டுக் காட்டியது ஒரு ஹெலிகாப்டர் சத்தம். ஹெலிகாப்டர் என் தலைக்கு மேலேயே வந்து இறங்கியது. விழுந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் கச்சேரி சி.டி.யைப் போட்டேன். அம்மா, ''தெருவே அதிருதுடா'' என்றாள் பெருமையாக. அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் மெதுவாக, ''நல்லாத்தான் இருக்கு. ஆனா மிருதங்கத்தைக் காணோமேடா'' என்றார்.

எனக்கு எரிச்சல். ''இவ்வளவு பேஸ் அடிக்குது, மிருதங்கத்தைக் காணோம்ங்கறீங்களே!'' என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வால்வு ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னது சரி என்று புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். உங்களுக்குப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

முதலில் அந்த நாலாயிரம் வாட்ஸ்.

நான் பி.காம். எனக்கு பிசிக்ஸ் தெரியாது. ஆனால் பற்று, வரவு தெரியும். வந்ததற்கு மேல் செலவு காட்டினால் ஒன்று கடன், இல்லாவிட்டால் களவு. மின்சாரமும் இதே பேரேடுதான். வீட்டுச் சுவரில் இருக்கிற சின்ன ப்ளக் பாயின்ட் ஐந்து ஆம்பியர். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். பெருக்குங்கள். 1,150 வாட். அந்த ஓட்டை வழியாக அதற்கு மேல் வர முடியாது. நாலாயிரம் வாட் தொடர்ந்து வர வேண்டுமென்றால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஏ.சி.க்குப் போடுகிற ப்ளக்கே திணறும்.

ஒருநாள் தூசி தட்டும்போது அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சின்ன ஸ்டிக்கர். 'மின் நுகர்வு 70 வாட்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. முன்பக்கம் நாலாயிரம், பின்பக்கம் எழுபது! இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்தக் கம்பெனியாவது தாக்கல் செய்தால் ஆடிட்டரைப் பிடித்து உள்ளே போடுவார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் ஓடி வருவார்கள். ''கபாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தைக் கணநேரம் அதிகமாகக் கொடுக்க முடியும் சார். பின்பக்க ஸ்டிக்கர் சராசரிக் கணக்கு சார்.'' ஒப்புக்கொள்கிறேன். எழுபது கொஞ்ச நேரத்துக்கு நூறாகலாம், நூற்றைம்பதுகூட ஆகட்டும். நாலாயிரம் ஆகுமா?

இந்த வித்தைக்குப் பெயர் பி.எம்.பி.ஓ. விரித்தால், இசையின் உச்சபட்ச சக்தி என்கிற மாதிரி ஏதோ வரும். இதை எப்படி அளப்பது என்று எந்தத் தர அமைப்பும் சொன்னதில்லை. விற்பவர் இஷ்டம்தான் அளவுகோல். உண்மையான அளவுக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். ஒரு ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அது. அதிலும் கள்ளத்தனம் உண்டு. 'பத்து சதவீத டிஸ்டார்ஷனில்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் கள்ளநோட்டு கலந்து தருகிறேன் என்று ஒருவர் எழுதியே கொடுத்தால் வாங்குவீர்களா? இப்போது பி.எம்.பி.ஓ. என்ற பெயர் கொஞ்சம் மங்கிவிட்டது. 'பீக் பவர்' என்று மறுபிறவி எடுத்து வருகிறது. ஆள் அதேதான், மீசையை மட்டும் எடுத்திருக்கிறார்.

இதில் பெரிய தமாஷ், உங்களுக்கு அத்தனை வாட்ஸ் தேவையே இல்லை என்பது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்குச் சத்தம் ரெண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். ஒரு சாதாரண நல்ல ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85-லிருந்து 88 டெசிபல் வரும். நாம் பேசிக்கொள்ளும் சத்தமே 60 டெசிபல் பக்கம்தான். ஆக, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நீங்கள் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது ஒரு வாட், ரெண்டு வாட். மிருதங்கம் ஓங்கி விழும் நொடிக்குத்தான் கையிருப்பு தேவை. அதற்கு நிஜமான 30, 40 வாட் தாராளம்.

சரி, மிருதங்கம் எங்கே போனது?

குட்டி குட்டியாக ஐந்து பெட்டி கொடுத்தார்களே, அதற்குள் இருப்பது மூன்று அங்குல ஸ்பீக்கர். அதனால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகப் பாட முடியாது. பெரிய பெட்டி 'டும் டும்' என்று அடித்தட்டு சத்தத்தை மட்டும் உருட்டும். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? ஆண் குரலின் ஆதார சுருதி பெரும்பாலும் 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள். மிருதங்கத்தின் தொப்பி பேசுவதும் அந்தப் பேட்டையில்தான். எனக்கு 'பேஸ்' என்று கேட்டதெல்லாம் பெட்டியின் சொந்தச் சரக்கு. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே 'டும்'. அப்பாவின் காது தேடியது வித்வானின் இடது கை. அது பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

அடுத்த பொய், எண்ணிக்கை. ஐந்து பெட்டி, ஏழு பெட்டி, இப்போது டி.வி.க்குக் கீழே ஒரு நீள ஸ்கேல் மாதிரி சவுண்ட்பார். டி.வி.யின் சொந்தக் குரலுக்கு சவுண்ட்பார் மேல், மறுக்கவில்லை. சீரியல் வசனம் தெளிவாகப் புரியும். சினிமாவுக்கு ஐந்து பெட்டி ஜோர்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கும் பாட்டில் பெரும்பகுதி இடது, வலது என்று இரண்டே தடத்தில் பதிவானது. 1931-ல் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற இ.எம்.ஐ. இன்ஜினீயர் பேட்டன்டுக்கு எழுதிப் போட்ட யோசனைதான் இன்றைய ஸ்டீரியோவுக்கு அஸ்திவாரம். நமக்குக் காது இரண்டு. இரண்டு பெட்டியைச் சரியாக வைத்தால், நடுவில் பெட்டியே இல்லாத இடத்திலிருந்து பாடகர் பாடுவார். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம். இந்த மாயத்துக்குப் பெயர்தான் ஸ்டீரியோ. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் வந்தது. வயலின் கூட்டத்தை உட்கார வைத்து அவர் செய்த வேலை அதில் இருக்கிறது. ஒற்றைக் குச்சியிலும் உருட்டுப் பெட்டியிலும் அதைக் கேட்டுவிட்டு 'கேட்டுட்டேன்' என்று சொல்கிறோம். ஜெராக்ஸ் காப்பியில் ரவிவர்மா பார்த்த கதை!

ஒரு பக்கம் இந்தக் கூத்து என்றால், இதற்கு நேர் எதிரே இன்னொரு மடம் இருக்கிறது. ஆடியோஃபைல் மடம். அங்கே போனால் ஸ்பீக்கருக்குப் போகும் வயர் மட்டுமே பல ஆயிரம், சில சமயம் லட்சம். வெள்ளி முலாம், தேன்கூட்டுப் பின்னல், வயர் தரையைத் தொடாமல் இருக்கக் குட்டி ஸ்டாண்டு. 'வித்தியாசம் கேட்கலை' என்றால் உங்கள் காதைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

மறுபடி பேரேட்டைத் திறப்போம். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செப்பு வயர். ஐந்து மீட்டர் தூரம், போக வரப் பத்து மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.12 ஓம். ஸ்பீக்கருடையது 8 ஓம். எட்டு ரூபாய் வியாபாரத்தில் பன்னிரண்டு பைசா. இதற்காக ஒரு லட்சம் அழ வேண்டுமா? மிச்சத்தை உண்டியலில் போடுங்கள், புண்ணியமாவது வரும்.

கீழே இருப்பவர் எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறார். மேலே இருப்பவர் பயத்தைக் காட்டி ஏமாற்றுகிறார். நடுவில் மாட்டுவது மாதச் சம்பளக்காரன். நடுத்தர வீட்டுக்கு நல்ல சங்கீதம் கட்டுப்படியாகாது என்று அவனை நம்பவைத்ததுதான் இந்த இரண்டு பேரும் கூட்டாகச் செய்த சாதனை.

கட்டுப்படியாகும். உங்களிடம் ஐம்பதாயிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் ஜோடிக்கு இருபத்தெட்டாயிரம். ஆம்ப்ளிஃபயருக்குப் பதினேழாயிரம். மிச்சம் ஐயாயிரத்தில் வயர், ஸ்டாண்டு, ஒரு ஜமக்காளம். ஆமாம், ஜமக்காளம். வருகிறேன். முப்பதாயிரம்தான் இருக்கிறதா? விகிதம் அதே. விலை மாறும், விகிதம் மாறாது. பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குத்தான். மின்சாரத்தைக் காற்றாக மாற்றுகிற கடைசி ஆள் அவர்தான், அதிகம் தப்புச் செய்கிறவரும் அவரே. இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் ஜோடி வாங்குங்கள். சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களில் மேஜை மேல் இருக்குமே, அது. தனி ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம். பாட்டு எங்கிருந்து வரும் என்று கவலை வேண்டாம். உங்கள் செல்போனில் வருகிறதே, அதுவே இன்று போதுமான தரம்.

ஆளுயரப் பெட்டி வேண்டாம். 1970-களில் பி.பி.சி. இன்ஜினீயர்கள் தங்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கர் செய்தார்கள். எல்.எஸ். 3/5 ஏ என்று பெயர். உள்ளே ஐந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அதன்மேல் சின்ன ட்வீட்டர் ஒன்று, அவ்வளவே. அடித்தட்டு பேஸ் அதில் வராது. ஆனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வந்தது. ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் பெட்டிக்கு அடித்துக்கொள்கிறார்கள். அதை வாங்கச் சொல்லவில்லை, விலை எகிறிவிட்டது. புத்தக அலமாரி சைஸில், ஐந்து அல்லது ஆறரை அங்குல ஸ்பீக்கரோடு வரும் நல்ல ஜோடி எதுவும் நம் ஹாலுக்குப் போதும் என்பதற்குச் சொன்னேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டை நீங்களே கொண்டுபோங்கள். நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டு. கடைக்காரரின் ஹெலிகாப்டரை அவரே வைத்துக்கொள்ளட்டும். நிஜ ஹெலிகாப்டர் காதருகில் எப்படிக் கத்தும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? ஆனால் மிருதங்கமும் நாதஸ்வரமும் எப்படி இருக்கும் என்று கல்யாண வீட்டுக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

கண்ணை மூடுங்கள். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரிகிறதா? நடுவில் நின்றால் பாஸ். அடுத்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வார்த்தை புரிகிறதா? கடைக்காரர் எப்போதும் கூட்டித்தான் வைப்பார். சத்தம் குறைந்தால் பேஸும் உச்ச ஸ்வரமும் காதுக்கு எட்டுவது குறையும் என்று 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து சொல்லிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் சத்தமாக ஓடுகிற பெட்டி எப்போதும் ஒசத்தியாகத் தோன்றும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். இதை அளக்க செல்போனில் இலவச ஆப் இருக்கிறது. கடைசியாக, அரை மணி நேரம் உட்காருங்கள். தலை வலித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ''சீல் பிரிக்க முடியாது சார், டெமோ கிடையாது'' என்றால் உட்காராமலே வந்துவிடுங்கள்.

இப்போது ஜமக்காளம். நம் வீட்டுத் தரை வழவழ டைல்ஸ், சுவர் வெறும் சிமென்ட். சத்தம் பந்து மாதிரி திரும்பித் திரும்பி அடிக்கும். எத்தனை லட்சம் கொட்டினாலும் அந்த அறையில் பாத்ரூம் பாட்டுத்தான். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரோரம் ஒரு புத்தக அலமாரி. பாதி வித்தை முடிந்தது. ஸ்பீக்கர்களை பீரோ மேலும் பரண் மேலும் ஏற்றாதீர்கள். மூலையில் முட்டுக்கொடுக்காதீர்கள், பேஸ் வீங்கும். உட்கார்ந்தால் உங்கள் காது உயரத்தில் ட்வீட்டர் இருக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கு நடுவில் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் நீங்கள். முக்கோணம். செலவு பூஜ்யம்.

''இதெல்லாம் யாருக்கு சார் வேணும்? ஃபோன்ல கேட்டுக்கிட்டே போயிடலாம்'' என்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு வீட்டில் நாலு பேர் நாலு காதில் நாலு பாட்டுக் கேட்பதற்கும், நாலு பேர் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதை நாம் மெல்ல மறந்துகொண்டிருக்கிறோம். ஸ்டீரியோ என்பது கடைசியில் வீட்டில் போடுகிற ஒரு பாய். எல்லோரும் வந்து உட்காரலாம்.

இன்னொரு கேள்வி மிச்சம். வாங்குகிறவன் ஜாக்கிரதையாக இருப்பது சரி, விற்கிறவனுக்குக் கடிவாளம் வேண்டாமா? காய்கறிக் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் நிகர எடை போட வேண்டும். ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 2006-லிருந்து நட்சத்திரம் ஒட்டுகிறோம். அமெரிக்காவில் வாட்ஸ் புளுகு எல்லை மீறிப்போய், ஆம்ப்ளிஃபயரின் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974-லேயே விதி போட்டார்கள். நம் ஊரில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தண்டிக்கலாம் என்கிறது. எழுபதை நாலாயிரம் என்று எழுதுவது தவறான விளம்பரம் இல்லையென்றால் வேறு எது? ஆர்.எம்.எஸ். இவ்வளவு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில், எத்தனை ஓமில் என்று பெட்டியின் முன்பக்கம், அந்த நாலாயிரம் போட்ட அதே சைஸ் எழுத்தில் போடட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். நூறு கிராம் குறைந்தால் காய்கறிக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். இங்கே மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வாட் குறைகிறது, சிரித்துக்கொண்டே பில் போடுகிறோம்.

2014-ல் ஒரு நண்பர் ஊர் மாறிப் போகும்போது தன் பழைய ஸ்பீக்கர் ஜோடியையும் ஆம்ப்ளிஃபயரையும் எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். பக்கத்துக்கு நாற்பது வாட். நீல விளக்கு இல்லை. அப்பாவின் அந்த சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் தொப்பி 'கும்' என்று விழுந்து, விரல் நழுவி, மெல்ல மேலே ஏறி அடங்கியது. வலது பக்கம், ஜன்னல் ஓரமாக. பதினோரு வருஷமாக அந்த சி.டி.க்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்பா 2011-லேயே போய்விட்டார்.

கடைக்குப் போகிறீர்களா? முதலில் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். அப்புறம், வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் கையைப் பிடித்து உடன் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ''ஏதோ ஒண்ணைக் காணோமேப்பா'' என்றால், வாக்குவாதம் செய்யாமல் வேறு கடைக்குப் போங்கள்.